சிவப்பு ஒயர் எது, கறுப்பு ஒயர் எது?

"உனக்குக் கலர் பிளைண்ட்னஸா? அப்போ என் சட்டை என்ன கலர், சொல்லு பார்ப்போம்!"

நிறப்பார்வைக் குறைபாடு இருக்குன்னு ஒருத்தர் வாயைத் திறந்து சொன்ன அடுத்த நொடி வர்ற கேள்வி இது. ஹாஸ்டல், பஸ், கல்யாண வீடு, எங்கே சொன்னாலும் இதேதான். பெரும்பாலும் சரியாகவே சொல்லிடுவோம். உடனே "சும்மா கதை விடுறான்"னு சிரிப்பாங்க. தப்பாச் சொல்லிட்டா இன்னும் மோசம். சுத்தி இருக்கிற எல்லாரும் பேனா, வாட்டர் பாட்டில், செருப்புன்னு கையில கிடைச்சதையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க.

இதை எழுதுறவன் ஈ.ஈ.ஈ. இறுதியாண்டு. எனக்கு இருப்பது புரோட்டன் வகை. அது என்னன்னு கீழே வரும். பிளேஸ்மென்ட், கேட், மின்வாரியத் தேர்வு என்று வகுப்பே பேசிக்கொண்டிருக்கும் இந்த வருஷத்தில், என் மாதிரி ஆட்களுக்கு மட்டும் கூடவே இன்னொரு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கும். எழுத்துத் தேர்வு பாஸ் ஆகி, இன்டர்வியூவும் முடிஞ்சு, கடைசியில மெடிக்கல்ல அந்தப் புள்ளிப் புத்தகத்தைத் திறந்து வைப்பாங்களே, அப்போ என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் பதில் வாங்கின ஒரு தமிழ்நாட்டு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் இருக்கிறார். அவர் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, கண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம்.

மூணு சென்சார்

நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும் கூம்பு செல்கள். நிறம் இவற்றின் வேலை. கூம்பில் மூன்று ரகம். நீள அலைக்கு ஒன்று, நடு அலைக்கு ஒன்று, குறு அலைக்கு ஒன்று. ஸ்கூல் புத்தகத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கூம்பு என்று போட்டிருப்பார்கள். உண்மையில் நீள அலைக் கூம்பின் உச்சம் சுமார் 560 நானோமீட்டர், நடு அலைக்குச் சுமார் 530, குறு அலைக்குச் சுமார் 420. 560 என்பது சிவப்பே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை.

முதல் இரண்டும் எவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு பாருங்க. இரண்டு சென்சாரின் ரெஸ்பான்ஸ் கர்வ் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நாம பிரிச்சுப் பார்க்கிறதெல்லாம் அந்த இரண்டு சிக்னலுக்கும் நடுவிலான சின்ன வித்தியாசத்தை வைத்து மூளை போடுற கணக்குதான். ஒரு டிஃபரன்ஷியல் ஆம்பிளிஃபயர்னு வெச்சுக்கோங்க. ஒரு இன்புட் போயிட்டாலோ, இரண்டு இன்புட்டும் இன்னும் நெருங்கிட்டாலோ, அவுட்புட்டில் வித்தியாசம் வராது. சிவப்பு-பச்சைக் குழப்பம் என்பது அவ்வளவுதான். "பிளைண்ட்" என்ற வார்த்தை இதுக்குக் கொஞ்சம் அதிகப்படிதான். பெரும்பாலானவர்களுக்கு உலகம் பழைய கறுப்பு-வெள்ளைப் படம் மாதிரி தெரியவே தெரியாது.

நீள அலைக் கூம்பு சுத்தமாக வேலை செய்யாவிட்டால் புரோட்டனோப்பியா, வேலை செய்து ஆனால் உச்சம் நகர்ந்திருந்தால் புரோட்டனாமலி. நடு அலைக் கூம்புக்கு இதே மாதிரி டியூட்டரனோப்பியா, டியூட்டரனாமலி. நாலிலும் அதிகம் பேருக்கு இருப்பது கடைசியாகச் சொன்ன டியூட்டரனாமலிதான். உங்க வகுப்பில் ஒருவருக்கு இருந்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

புரோட்டனுக்கும் டியூட்டரனுக்கும் வெளியில் தெரியுற பெரிய வித்தியாசம் வெளிச்சம். டியூட்டரன் ஆட்களுக்குச் சிவப்பு வேறு நிறத்தோடு குழம்பும், ஆனா வெளிச்சம் குறையாது. புரோட்டன் ஆட்களுக்குச் சிவப்பே மங்கிடும். அடர் சிவப்பு கறுப்பு மாதிரி ஆகிடும். செமினார் ஹாலில் சார் சிவப்பு லேசர் பாயின்டரை வெச்சு "இந்த பிளாக்கைப் பாருங்க" என்பார். நான் எந்த பிளாக்குன்னு பக்கத்துல இருக்கிறவன் கண்ணு போற திசையைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவேன். பச்சை பாயின்டர்னா பிரச்சினையே இல்லை. விடைத்தாளில் சிவப்புப் பேனாவால் போடுற கரெக்‌ஷன் என் கறுப்புப் பேனா எழுத்தோட கலந்துபோயிடும், மார்க் எங்கே குறைஞ்சுதுன்னு தேடுறதே தனி வேலை.

நீலம்-மஞ்சள் குழம்புகிற டிரைட்டன் வகை ரொம்ப அபூர்வம், அதன் ஜீன் 7-வது குரோமோசோமில் இருப்பதால் ஆண், பெண் வித்தியாசமும் இல்லை. மூன்று கூம்புமே வேலை செய்யாத அக்ரோமடாப்சியா இன்னும் அபூர்வம். உண்மையிலேயே நிறமே இல்லாத உலகம் அவர்களுடையதுதான், வெயிலில் கண்ணைத் திறக்கவே கஷ்டப்படுவார்கள். பசிபிக் கடலில் பிங்கெலாப் என்று ஒரு குட்டித் தீவு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஒரு புயலில் பிழைத்தவர்கள் சில பேர்தான். அவர்களில் ஒருவர் இந்த ஜீனைச் சுமந்திருக்க, இன்று அங்கே இது மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அந்தத் தீவுக்கே போய் ஒரு புத்தகம் எழுதினார்.

அம்மா கொடுத்த சீர்

சிவப்பு-பச்சை ஜீன்கள் இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆணுக்கு ஒரே எக்ஸ், அது அம்மாவிடமிருந்து வருவது. அது பழுதா இருந்தா ஸ்பேர் கிடையாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்று சரியில்லையென்றால் இன்னொன்று சமாளிக்கும். ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது இருக்கு. பெண்ணுக்கு இரண்டிலும் பழுது வேணும், 0.08-ஐ 0.08-ஆல் பெருக்கினா 0.0064, அதாவது சுமார் 0.6 சதவீதம்.  ஆசியர்களில் ஆண்களின் சதவீதம் இதைவிடக் கொஞ்சம் குறைவு.

அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு அவரிடமிருந்து வரவே வராது. அம்மா வழித் தாத்தா, தாய்மாமன், பையன் என்றுதான் இது போகும். எங்க வீட்டுல மாமாவுக்கு இருக்கு, எனக்கு இருக்கு, அம்மாவுக்கு எதுவும் இல்லை. அம்மா சுமந்து கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான். இதை வெச்சு அம்மாவைக் குறை சொல்ற சொந்தக்காரங்க இருந்தா, அவங்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

நம்ம ஊருக்கே உரிய ஒரு கணக்கு இங்கே இருக்கு. அக்கா மகளைக் கட்டுற வழக்கம். மாமாவுக்கு நிறக்குறைபாடு இருந்தால், அவர் அக்கா அந்த ஜீனைச் சுமப்பதற்கான வாய்ப்பு 2-ல் 1, அக்கா மகளுக்கு 4-ல் 1. இருவருக்கும் பெண் குழந்தை பிறந்தால், அப்பாவின் பழுதான எக்ஸ் எப்படியும் வந்துவிடும். அம்மாவிடமிருந்தும் வர 8-ல் 1. அதாவது அந்தக் குழந்தைக்குக் குறைந்தது 12.5 சதவீத வாய்ப்பு. மேலே சொன்ன 0.6-ஐயும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. "பொண்ணுங்களுக்கு இது வரவே வராது"ன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

புள்ளிப் புத்தகம்

இந்தக் குறைபாட்டை முதன்முதலில் அறிவியல் கட்டுரையாக எழுதியவர் நாம கெமிஸ்ட்ரியில் படிச்ச அதே ஜான் டால்டன். 1794-இல் மான்செஸ்டரில் தன் கண்ணைப் பற்றியே வாசித்தார். பகலில் தனக்கு நீலமாகத் தெரியுற ஜெரேனியம் பூ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச் சாயமாக இருப்பதுதான் காரணம்னு நம்பினார், செத்த பிறகு திறந்து பாருங்கன்னும் சொல்லிட்டுப் போனார். 1844-இல் திறந்து பார்த்தார்கள், திரவம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணைத் தூக்கிப் போடாமல் பாதுகாத்தார்கள். 1995-இல் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால், டியூட்டரனோப்பியா. பிரெஞ்சில் இன்றைக்கும் இந்தக் குறைபாட்டின் பெயர் 'தால்தொனிஸ்ம்'. காரைக்காலில் பழைய பிரெஞ்சுக் குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்க.

பரிசோதனை என்பது ரயிலில் இருந்து வந்தது. 1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஹோம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர், ரயில்வே ஊழியர்களிடம் கலர் கலரான கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார், குழம்பியவர்களைக் கண்டுபிடித்தார். அந்த விபத்துக்கு நிறக்குறைபாடு காரணமா என்பதைப் பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் ரயில்வேயில் நிறச் சோதனை அதோடு ஊர் ஊராகப் பரவிவிட்டது.

புள்ளிப் புத்தகம் ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா ராணுவத்துக்காகத் தயாரித்தது, 1917-இல் வெளியானது. முழுப் பதிப்பில் 38 தட்டுகள். முதல் தட்டில் 12, அது எல்லாருக்கும் தெரியும். நடிக்கிறவனைப் பிடிக்க வைத்தது. மற்றவர்களுக்கு 74 தெரியுற தட்டில் எங்களுக்கு 21 தெரியும். சில தட்டுகளில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, எங்களுக்கு மட்டும் 5, 45 என்று எண் தெரியும். அதை முதல்முறை கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை!

ஆனா ஒரு விஷயம். இஷிஹாரா சின்னக் குறைபாட்டையும் கண்டுபிடிச்சுடும், அது எவ்வளவுன்னு நல்லா அளக்காது. லேசாக இருக்கிறவரும் தீவிரமாக இருக்கிறவரும் ஒரே மாதிரி ஃபெயில். அளவு தெரியணும்னா 15 வண்ண மூடிகளை வரிசைப்படுத்தச் சொல்ற ஃபார்ன்ஸ்வொர்த் டி-15, அல்லது சிவப்பையும் பச்சையையும் கலந்து ஒரு மஞ்சளுக்கு ஈடாக்கச் சொல்ற அனாமலாஸ்கோப் வேணும். பிரெஞ்சு ராணுவத்தின் மருத்துவக் குறியீட்டுக்கு 'சிஜிகோப்' என்று பெயர். உடலை ஏழு தலைப்பாகப் பிரித்து மதிப்பிடுவார்கள், அதில் நிறப்பார்வை ஒரு தனித் தலைப்பு, அதற்குள்ளும் பல தரம். காரைக்காலில் இருந்து அந்த ராணுவத்துக்குப் போனவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. நம்ம ஊரில் பல வேலைகளுக்கு இன்னும் பாஸ், ஃபெயில் இரண்டே கட்டம்தான். என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கு.

மீன் மார்க்கெட்டில் ஒரு புரோட்டன்

மீன் வாங்கப் போனா செவுளைத் தூக்கிப் பார்க்கணும், சிவப்பா இருந்தா புதுசு, பழுப்படிச்சிருந்தா பழசு. கடலோரத்துல பிறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். எனக்கு இரண்டும் ஒரே இருட்டுதான். மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேற. கண்ணு குழி விழாம முட்டையா இருக்கா, விரலால அமுக்கினா பள்ளம் திரும்பி எழும்புதா, செவுள்ல நாத்தம் இருக்கா. மாமாவை ஏமாத்தி மீன் வித்தவர் யாரும் இல்லைன்னு அத்தை சொல்வாங்க.

மாங்கனித் திருவிழாவுக்குப் போனா மாடியிலிருந்து வீசுற மாம்பழத்தைப் பிடிக்கிறதுல எனக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடையில பொறுக்கும்போதுதான் காயா பழமான்னு மூக்கைக் கேட்கணும். திருநள்ளாறில் கருநீலத் துணி கேட்டு வாங்கும்போது, ஊதாவைக் காட்டினாலும் எனக்கு நீலமாத்தான் தெரியும். ஊதாவில் இருக்கிற சிவப்பு எனக்குக் காணாமப் போயிடும், மிச்சம் நீலம். கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ வேடுக்கு இந்தக் குறைபாடு உண்டு, பகலிரவு டெஸ்டின் பிங்க் பந்து தனக்குக் கஷ்டம்னு அவரே சொல்லியிருக்கிறார்.

டிராஃபிக் சிக்னல் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. சிவப்பு மேலே, பச்சை கீழே, இடம் தெரிஞ்சா போதும். சிக்னல் பச்சையில் நீலம் கலந்திருப்பதால் எங்களுக்கு அது வெளிறிய வெள்ளையாகத் தெரியும், சிவப்போடு குழம்பாது. 2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளின் படிவம் 1, 1ஏ இரண்டையும் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. தீவிரமாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இப்போது தடை.

கடல் வேறு கதை. ராத்திரியில் படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வருகிற படகின் எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தத் திசையில் போகுதுன்னு கணிக்க முடியும். அங்கே மேலே, கீழே என்று இடம் கிடையாது. இருட்டில் தனியாக ஒரு புள்ளி வெளிச்சம்தான். மங்கலாகத் தெரிகிற ஒன்று பக்கத்திலிருக்கும் சிவப்பா, தூரத்திலிருக்கும் பச்சையா என்று ஒரு புரோட்டனால் சொல்ல முடியாது. கப்பலின் மேல்தளத்தில் கண்காணிப்பு வேலைக்கு நிறப்பார்வை கேட்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கு. எல்லாத் தடையும் தப்பு என்று நான் சொல்ல வரலை.

லேப்பில் தொடங்கி ஒயரில் முடியுது

பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கா? கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் கருஞ்சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை. இந்தக் குறைபாடு இருக்கிற நிறைய பேர் தங்களுக்கு ஏதோ சரியில்லைன்னு முதல்ல சந்தேகப்படுறது அங்கேதான். நம்ம துறைக்கு வந்தா ரெசிஸ்டர். பழுப்பு-கறுப்பு-சிவப்பு என்றால் 1 கிலோ ஓம், பழுப்பு-கறுப்பு-பழுப்பு என்றால் 100 ஓம். சிவப்பைப் பழுப்புன்னு படிச்சா பத்து மடங்கு தப்பு. 5 வோல்ட்டில் ஒரு எல்.இ.டி. போடுறோம், அதுக்கு 2 வோல்ட் போயிடும்னு வெச்சுக்கோங்க. 1 கிலோ ஓம் போட்டா 3 மில்லி ஆம்பியர். 100 ஓம் போட்டா 30. சாதாரண எல்.இ.டி. 20-தான் தாங்கும். ஆனா இதுக்கு மருந்து நம்ம டேபிள்லயே இருக்கு: மல்டிமீட்டர். இரண்டு நொடி வேலை. எஸ்.எம்.டி. ரெசிஸ்டரில் 102 என்று எண்ணே அச்சடிச்சிருக்கும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். நம்ம வீடுகளில் பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இருக்கிற பழைய டி.பி. பாக்ஸில் தூசி படிஞ்ச சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒரு புரோட்டனுக்கு ஒண்ணுதான். டியூட்டரனுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பலாம். பேஸையும் எர்த்தையும் மாத்திக் கொடுத்தா என்ன ஆகும்னு ஈ.ஈ.ஈ. படிச்சவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயிர் போற விஷயம்.

அதனால இவங்களை ஒயர் பக்கமே விடக்கூடாதுன்னு சொல்றது சுலபம். ஐரோப்பாவில் வேற மாதிரி யோசிச்சாங்க. அங்கே பேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் வரிவரியாக. பழுப்பையும் நீலத்தையும் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள யாரும் குழப்ப மாட்டார்கள், வரி போட்ட ஒயரைக் கறுப்பு-வெள்ளை போட்டோவில்கூட கண்டுபிடிக்கலாம். பிரிட்டனில் நம்மைப் போலவே சிவப்பு, கறுப்பு, பச்சை வைத்திருந்தவர்கள் வீட்டு ஒயரிங்கையும் 2004 முதல் இதற்கு மாற்றிவிட்டார்கள். ஆளை மாத்துறதுக்குப் பதிலா ஒயரை மாத்தியிருக்காங்க.

இன்னொண்ணு, நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யுற எலக்ட்ரீஷியன் கண்ணு நல்லா இருந்தாலும் ஆபத்தானவர்தான். முன்னாடி வேலை செஞ்சவர் கையில் இருந்த ஒயரை எடுத்து இழுத்திருந்தா நிறத்துக்கு என்ன மதிப்பு? டெஸ்டர் வைக்காம கை வைக்கக்கூடாதுங்கிற விதி எல்லாருக்கும்தான். சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் ஆன் ஆனால் சிவப்பு விளக்கு, ஆஃப் ஆனால் பச்சை. ரோட்டில் பார்த்ததுக்கு நேர் எதிர். அங்கேயும் கூடவே ஆன், ஆஃப் என்று எழுதின மெக்கானிக்கல் கொடி ஒன்று இருக்கும், அனுபவம் உள்ளவர்கள் அதைப் பார்க்காமல் நகர மாட்டார்கள்.

மின்வாரியமும் சுப்ரீம் கோர்ட்டும்

தமிழ்நாடு மின்வாரியத்தில், அப்போதைய பெயரில் டான்ஜெட்கோவில், உதவிப் பொறியாளர் வேலைக்கு ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் தேர்வானார். மருத்துவப் பரிசோதனையில் நிறக்குறைபாடு தெரிந்தது. வேலை இல்லை என்றார்கள். கலர் கோடு போட்ட கேபிள்களோடு வேலை, ஆபத்து என்பது வாரியத்தின் வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அவர் டெல்லிக்குப் போனார்.

2023 அக்டோபர் 16 அன்று நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நிறக்குறைபாடு அதில் இல்லை. ஆக, இட ஒதுக்கீடு கேட்டால் "உனக்குக் குறை போதாது" என்பார்கள், வேலை கேட்டால் "உனக்குக் குறை இருக்கு" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவரை அப்படியே அனுப்பிவிட முடியாது என்றது கோர்ட். குறைபாட்டுக்கு ஏற்றபடி பணியில் நியாயமான ஏற்பாடு செய்து தருவது நிறுவனத்தின் கடமை என்ற கொள்கையை இவருக்கும் பொருத்தி, உதவிப் பொறியாளராகவே அவரைப் பணியில் வைக்க உத்தரவிட்டது. உதவிப் பொறியாளர் என்றால் கம்பத்தில் ஏறி ஜாயின்ட் போடுவது மட்டுமா? டிசைன், எஸ்டிமேட், மெட்டீரியல், பில்லிங் என்று எத்தனையோ மேஜைகள் அந்த ஆபீஸ்களில் இருக்கு.

இது தனித் தீர்ப்பும் இல்லை. 2022 ஏப்ரலில் புனே திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படிக்க இடம் கிடைத்து, நிறக்குறைபாட்டைக் காட்டி மறுக்கப்பட்ட மாணவருக்கு ஆதரவாக நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், எம்.எம். சுந்தரேஷ் அமர்வு தீர்ப்பளித்தது. படம் எடுப்பதே நிறத்தோடு விளையாடுவதுதானே என்று தோன்றும், ஆனால் எடிட்டிங் வேறு, கலர் கிரேடிங் வேறு. 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் ஒருவர் வழக்கில், நிறக்குறைபாட்டைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பாமல் அதே சம்பளத்தில் வேறு பணி கொடுங்கள் என்று உத்தரவு வந்தது.

சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொருத்தரும் சுப்ரீம் கோர்ட் வரை போக முடியுமா? வருஷக்கணக்கில் வழக்கு நடத்த வீட்டில் காசு இருக்கணும், அதுவரைக்கும் வேறு வேலையும் பார்க்கணும்.

நம்ம புராஜெக்டில்

இதுவரை சொன்னதில் பாதி நம்ம கையில் இல்லை. இது நம்ம கையில் இருக்கு. மேட்லேபில் பழைய கிராஃப்களில் வருமே, நீலத்தில் தொடங்கி பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடிகிற வானவில். அதன் பெயர் ஜெட். நடுவில் இருக்கிற பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சும் எங்களுக்கு ஒரே பட்டை, புரோட்டனுக்கு உச்சத்தில் இருக்கிற அடர் சிவப்பு இருண்டு போய், அதிகபட்ச வெப்பம் குறைந்தபட்சம் மாதிரி தெரியும். மேட்லேப் 2014-இன் இரண்டாவது வெளியீட்டில் ஜெட்டைத் தூக்கிவிட்டு பருலாவைக் கொண்டுவந்தது. பைத்தானின் மேட்பிளாட்லிப் 2.0-வில் இருந்து விரிடிஸ் வருகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராகப் போவதால் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எடுத்தாலும் புரியும். இன்னும் தீசிஸில் ஜெட் போடுறவங்க தயவுசெய்து நிறுத்துங்க.

ஹார்ட்வேரில் ரொம்ப மோசமானது, ஒரே எல்.இ.டி. சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுகிற சார்ஜர். அதே செலவில் இரண்டு எல்.இ.டி.யை இரண்டு இடத்தில் வைக்கலாம், இல்லை ஒன்றை மினுக்கலாம், கோடில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். வெப்சைட் செய்றவங்க குரோம் டெவலப்பர் டூல்ஸில் ரெண்டரிங் பகுதிக்குப் போங்க, புரோட்டனோப்பியா, டியூட்டரனோப்பியா எல்லாம் அங்கேயே இருக்கு. உங்க பக்கம் எங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு ஒரு கிளிக்கில் பார்க்கலாம். ஃபார்மில் தப்பான பெட்டியைச் சிவப்பாக்கினா பத்தாது, பக்கத்துல "ஈமெயில் சரியில்லை"ன்னு எழுதுங்க. கிட் டிஃபைப் பாருங்க: சிவப்பு, பச்சைதான், ஆனா ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். அது இருக்கிறதால எனக்கு இதுவரை ஒரு மெர்ஜிலும் நிறத்தால் குழப்பம் வந்ததில்லை.

கண்ணாடி வாங்கலாமா?

யூடியூபில் கண்ணாடி போட்டு அழுகிற வீடியோக்களை வீட்டில் எல்லாரும் எனக்கு அனுப்பியாச்சு. அந்தக் கண்ணாடி சில அலைநீளங்களை வெட்டிவிட்டு, இரண்டு கூம்புகளுக்கும் நடுவில் வித்தியாசத்தைக் கூட்டப் பார்க்கிறது. இல்லாத சென்சாரை அது கொண்டுவர முடியாது. 2018-இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, சில நிறங்கள் வேறு மாதிரி தெரிந்தனவே தவிர, நிறப்பார்வை சாதாரணமானவர்களைப் போல மாறவில்லை. ஜீன் சிகிச்சை கொஞ்சம் சுவாரசியம். 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நைட்ஸ் தம்பதியர் குழு, பிறவியிலேயே சிவப்பு-பச்சை தெரியாத இரண்டு அணில் குரங்குகளின் விழித்திரைக்குள் அந்த ஜீனைச் செலுத்தி, அவை நிறம் பிரிக்கக் கற்றுக்கொண்டதைக் காட்டியது. ஒரு குரங்கின் பெயர் டால்டன். நமக்கு அது இன்னும் கடையில் கிடைக்கிற விஷயம் இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது பரிசோதனை. இஷிஹாரா ஐந்து நிமிஷ வேலை, எந்தக் கண் மருத்துவரும் செய்வார். முதல் வருஷத்திலேயே செய்துடுங்க, ஏழாவது செமஸ்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க. குறைபாடு இருக்குன்னு வந்தா, எந்த வகை, லேசா தீவிரமா என்று டி-15 செய்து எழுதி வாங்கிக்கோங்க. லைசென்ஸுக்கும் அது உதவும். பிறகு வேலை அறிவிப்பு எது வந்தாலும், சம்பளப் பகுதிக்கு முன்னாடி மருத்துவத் தகுதி என்ற பகுதியைப் படிங்க. ரயில்வேயில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு மருத்துவப் பிரிவு உண்டு. ஏ-1 என்றால் நிறப்பார்வை கட்டாயம். சி-1, சி-2 என்றால் அந்தப் புள்ளிப் புத்தகம் மேஜைக்கே வராது.